அறுபத்தோராம் கேள்வி

அறுபத்தோராம் கேள்வியில்தான் இஸ்திரியக்கா மாட்டிக்கொண்டாள். அதுவரை தடங்கலில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. கொடியில் எத்தனை நிறம், நாடாளுமன்றத்தில் எத்தனை இடம், மிக நீளமான ஆறு எது என்று நாத்தனார் கேட்கக் கேட்க, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொல்லிவந்தாள்.

நாத்தனார் இரண்டு வருடத்துக்கு முன்பே குடியுரிமைத் தேர்வு எழுதி, முதல் தடவையிலேயே தேறியவர். அந்தக் கெத்து இன்னும் இறங்கவில்லை. குடியிருந்தது மேல்மாடியில். சாயங்காலமானால் கேள்விப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"அறுபத்தொண்ணு. கோர்ட்டிலே குற்றம் சாட்டப்பட்டவரை எப்படிக் கருதணும்?"

"குற்றவாளியா."

"தப்பு. நிரூபிக்கிற வரைக்கும் குற்றமற்றவரா."

கத்தி நின்றது. "அதெப்படி அண்ணி? ஒண்ணும் செய்யாதவனை எதுக்குப் பிடிச்சுட்டு வந்தாங்க?"

"அது உனக்கெதுக்கு? புத்தகத்துல போட்டிருக்கு, சொல்லிட்டுப் போ."

"சந்தேகம் வந்துதானே பிடிச்சாங்க. சந்தேகத்தையும் வச்சுக்கிட்டு, ஒண்ணும் செய்யலைன்னும் நினைக்கணும்னா எப்படி? ரெண்டு மனசா இருக்கு?"

"உன் மனசை இங்க யாரு கேட்டா? நாலு கட்டம் இருக்கும். சரியான கட்டத்துல கோடு போடு. புரிஞ்சுக்கப் போனா பெயிலாயிருவே. நானெல்லாம் புரிஞ்சுக்கிட்டா எழுதினேன்?"

வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த புருஷன் சிரித்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். "அக்கா, காரணம் கேக்காம இவ குழம்புல உப்புகூடப் போடமாட்டா. நேர்முகத்துல அந்த ஆபீசர் பாடுதான் திண்டாட்டம்."

எழுத்துத் தேர்வு முடிந்தபின் ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேசவேண்டும். ஏன், எதற்கு என்று அவர் எதை வேண்டுமானாலும் கேட்பார் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. நாத்தனாரிடம் அவர் வெளியே மழை பெய்கிறதா என்று மட்டும்தான் கேட்டாராம். ஆனால் எல்லோருக்கும் மழை வருமா?

"அவ்வளவு சந்தேகம்னா கோர்ட்டுக்குப் போய்த்தான் பாரேன்" என்றான் புருஷன். "என் பஸ் அந்த வழியாத்தான் போகுது. கேஸ் நடக்கும்போது யார் வேணாலும் உள்ளே போய் உக்காரலாமாம். தினமும் அங்க இறங்கற குமாஸ்தா ஒருத்தர் சொன்னார்."

"யார் வேணாலுமா? நம்மளை மாதிரி ஆளுங்களுமா?"

"நம்மளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம். அதில் ஒன்பது வருடம் ஒரே சலவைக்கடையில், ஒரே நீராவி இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று இஸ்திரியக்கா என்றே பெயராகிவிட்டது. காலை ஆறிலிருந்து ஒரு மணி வரை வேலை. அவள் கைபட்ட சட்டையின் கழுத்துப்பட்டி சாயங்காலம்வரை சாயாது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கடையிலிருந்து நீதிமன்றத்துக்கு நான்கே நிறுத்தம். இத்தனை காலம் அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே சாலையின் எதிர்ப்பக்கம் போய் நடப்பாள். தப்பு எதுவும் செய்யவில்லை. எதற்கு வம்பு என்றுதான்.

மறுநாள் மதியம் போனாள். வாசலில் பையைத் திறந்து பார்த்த காவலர், பருத்த மீசைக்காரர், "சாட்சியா?" என்றார்.

"இல்லீங்க."

"உறவா?"

"இல்லீங்க."

"பின்னே?"

"பாக்க வந்தேன்" என்றாள். சொல்லும்போதே திரும்பிப் போகத் தயாராகிவிட்டாள்.

"மூணாவது மாடி. பின் வரிசையில உக்காருங்க. போனை அணைச்சிருங்க." அவ்வளவுதான். கடிதமில்லை, கையெழுத்தில்லை. படியேறும்போது அவளுக்கே நம்பிக்கையில்லை. வேறு யாரையோ நினைத்து அனுப்பிவிட்டாரோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே அவள் நினைத்ததில் பாதிகூட இல்லை. சாதாரண அறை. ஒரு ஜன்னல் சரியாகச் சாத்தாமல் காற்றில் ஆடியது. உயரமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நீதிபதி. கதவில் ஒட்டியிருந்த தாளின்படி, அவருக்கு வலப்பக்கம் ரொட்டிக்கடை நடத்துகிறவர், இடப்பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி ஒருவர். சட்டம் படிக்காத பொதுஜனத்திலிருந்து இரண்டு பேரைக் குலுக்கலில் எடுத்து நீதிபதியோடு உட்காரவைப்பார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தாள், அறுபத்தைந்தாம் கேள்வி. படித்தபோது அது வெறும் வரி. இப்போது ரொட்டிக்கடைக்காரரின் புறங்கையில் மாவு ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. இந்த மனிதர் காலையில் ரொட்டி சுட்டுவிட்டு மதியம் வந்து நீதி சொல்கிறாரா? நீதிபதிக்குச் சமமாக இவருக்கும் ஓர் ஓட்டா? தேர்வில் தேறினால் ஒருநாள் தன் பெயரும் அந்தக் குலுக்கலில் விழும் என்று தோன்றியபோது, உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வழக்கு பெரிய வழக்கில்லை. ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக் கண்ணாடியை உடைத்து யாரோ உள்ளே புகுந்து, கடைக்காரர் தடுக்க வந்தபோது அவரைத் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார்கள். கடைக்காரருக்கு மணிக்கட்டு முறிந்துபோனது. பிடிபட்டவர் குழாய் வேலை செய்கிறவர். ஒரு வாரம் முன்னால் அதே கடையில் குழாய் மாட்டிவிட்டு, வேலை சரியில்லை என்று கடைக்காரரோடு வாய்த்தகராறு ஆகியிருக்கிறது. அவரிடம் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. ஓடினவன் போட்டிருந்ததும் சிவப்பு ஸ்வெட்டர். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்த சாட்சியும் இருக்கிறார்.

குழாய்க்காரரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள் இஸ்திரியக்கா. முன்கோபியின் தாடை. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. இவன்தான், இதிலென்ன சந்தேகம் என்று அவள் மனம் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டது.

இடைவேளையில் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கட்டுப்போட்ட கையோடு மருந்துக்கடைக்காரர் அவளை முறைத்துக்கொண்டே போனார். சற்று நேரத்தில் குழாய்க்காரரின் மனைவி, ஒடிசலான பெண், பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க கடைக்காரருக்கு அக்காவா?"

"ஐயோ, இல்லம்மா. அவரு என்னை உங்க சொந்தம்னு நினைச்சு முறைச்சுட்டுப் போறாரு."

"அப்ப யாருங்க நீங்க?"

"குடியுரிமைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். கோர்ட்டு எப்படின்னு பாக்க வந்தேன்."

அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினாள். கோபப்படப் போகிறாளோ என்று இஸ்திரியக்கா பயந்தாள். எங்கள் வீடு பற்றி எரிகிறது, உனக்குப் பாடமா என்று கேட்டால் என்ன சொல்வது? ஆனால் அவள், "நாளைக்கும் வருவீங்களா?" என்றாள். "எங்க பக்கம் ஒருத்தருமே வரலை. அந்த வரிசையில யாராவது உக்காந்திருந்தா நல்லாயிருக்கு."

வருகிறேன் என்றாள்.

மறுநாள் சாட்சிநாள். மாடிவீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். கஞ்சி போட்ட உடை, கணீரென்ற குரல். ஜன்னலைச் சாத்தப் போனேன், கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது, சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஆள் ஓடினார், அவர் இதோ இவர்தான் என்று கையை நீட்டிக் காட்டினார். அப்பாடா, முடிந்தது கதை என்று நினைத்தாள் இஸ்திரியக்கா. பக்கத்தில் குழாய்க்காரரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் குழாய்க்காரரின் வக்கீல் எழுந்தாள். சளி பிடித்துக் கம்மிய குரல். சண்டை போடுவாள், மேசையைத் தட்டுவாள் என்று எதிர்பார்த்தால், மரியாதையாக, வழி விசாரிக்கிறவள் போலக் கேட்டாள்.

"டீச்சர், அப்ப தெருவிளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. இருட்டிட்டு வர நேரம்."

"விளக்கு வெள்ளையா, மஞ்சளா?"

"மஞ்சள்."

"ஓடினவர் முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு ஓடினார்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"திரும்பிப் பாத்தார். ஒரு தடவை."

"அதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

டீச்சர் நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார்.

"மறுநாள் போலீஸ் இவரைக் கடைக்குக் கூட்டிட்டு வந்தப்ப ஜன்னல்லேருந்து பாத்தீங்க, இல்லையா? அன்னிக்கு முகம் நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"இப்ப உங்க மனசுல இருக்கறது எந்த நாள் முகம் டீச்சர்?"

ரொட்டிக்கடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

இஸ்திரியக்காவுக்கு மஞ்சள் என்ற சொல்லிலேயே உறைத்துவிட்டது. மஞ்சள் விளக்கில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர்கள் கடையிலேயே நிறம் பார்க்கவேண்டுமென்றால் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பார்கள். அது தெரிந்தும் சிவப்பு என்றதும் தலையாட்டிவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

எரிச்சலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூப்பிடாமலே நெட்டையின் நினைவு வந்தது.

நெட்டை அவர்கள் கடையில் பை பார்க்கிற மேசையில் இருந்தவள். நல்ல உயரம், அதனால் அந்தப் பெயர். சலவைக்கு வரும் ஒவ்வொரு உடையிலும் பைக்குள் கையைவிட்டு, பேனா, சீப்பு, சில்லறை இருந்தால் எடுத்து வைப்பது அவள் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கைக்காரர், கோட்டுப் பையில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மோதிரத்தைக் காணோம் என்று வந்து நின்றார். "யாராவது எதையாவது பாத்தீங்களா?" என்று முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டாள். இஸ்திரியக்கா பார்த்திருந்தாள். அந்தக் கோட்டுப் பைக்குள் நெட்டையின் கை போனது, மூடின கையாக வெளியே வந்தது. அதைச் சொன்னாள். அது உண்மை.

"எடுத்திருப்பாளா?" என்றாள் முதலாளியம்மா.

"எடுத்திருப்பா" என்றாள் இஸ்திரியக்கா.

ஒரு வார்த்தை. அன்று சாயங்காலமே நெட்டையை அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாய், நடுவில் நீராவி இருந்ததா, மூடின கைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பைக்குள் கையைவிடுவதுதானே அவள் வேலை என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாளைக்கு நானூறு தடவை அவள் கை அப்படித்தான் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

நீதிமன்றத்திலிருந்து பேருந்தில் திரும்பும்போது இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

மூன்றாம் நாள் தீர்ப்பு. நீதிபதி வாசித்தது நீளமாக இருந்தது. சாரம் இதுதான்: சாட்சி பொய் சொல்வதாக நினைக்கவில்லை, ஆனால் சந்தேகம் தீரவில்லை, தீராத சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே, விடுதலை. குழாய்க்காரரின் மனைவி இஸ்திரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிர்ப்பக்கம் மருந்துக்கடைக்காரர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

படியிறங்கும்போது வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கேட்காமல் போனால் மண்டை வெடித்துவிடும்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? அப்ப அவர் அதைச் செய்யலையா?"

"செய்யலைன்னு கோர்ட்டு சொல்லலை. செஞ்சார்னு சொல்ல முடியலைன்னு சொல்லியிருக்கு. ரெண்டும் வேற."

"பின்னே யாரு செஞ்சது?"

"அது இந்தக் கேஸ் இல்லை."

"அப்ப செஞ்சவன் வெளியில சுத்திட்டு இருப்பானே. அந்தக் கடைக்காரருக்கு என்ன பதில்?"

வக்கீல் கைக்குட்டையை மடித்தாள். "நல்ல பதில் என்கிட்ட இல்லைங்க. தப்பான ஆளை உள்ளே போட்டா மட்டும் அவருக்குப் பதில் கிடைச்சிருமா? அப்பவும் செஞ்சவன் வெளியிலதான் இருப்பான். யாரும் அவனைத் தேடவும் மாட்டாங்க."

வாசலில் பாட்டு டீச்சர் யாருக்கென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "சிவப்புதான். எத்தனை தடவை கேட்டாலும் சிவப்புதான்." அவர் பொய் சொல்லவில்லை என்று இஸ்திரியக்காவுக்குத் தெரியும். பொய் சொல்லாமலே ஓர் ஆளை உள்ளே தள்ளிவிட முடியும் என்பதுதான் புதிதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கேட்டாள். "நம்ம கடையில இருந்தாளே நெட்டை, அவ இப்ப எங்க இருக்கான்னு எப்படியாவது விசாரிக்க முடியுமா?"

"விசாரிக்கணுமா? எங்க டிப்போ கேன்டீன்லதான் இருக்கா. மூணு வருஷமா அவ கையாலதான் டீ குடிக்கிறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை. அவளும் உன்னைப் பத்திக் கேக்கலை. நடுவுல நான் எதுக்கு?"

டிப்போ கேன்டீன் மதியத்துக்குப்பின் காலியாகத்தான் இருந்தது. நெட்டை மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமயிர் நரைத்திருந்தது, உயரம் குறையவில்லை. இஸ்திரியக்காவைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"டீ வேணுமா?"

"வேண்டாம். ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பாத்தது உன் கை பைக்குள்ள போனதையும், மூடி வெளியே வந்ததையும் மட்டும்தான். எடுத்ததைப் பாக்கலை. எடுத்திருப்பான்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆறு வருஷம் கழிச்சு ஞானம் வந்திருக்கு."

"ஆமா."

நெட்டை துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டாள். "இப்பவும் நீ ஒண்ணு கேக்கலை, பாத்தியா? கையில என்ன இருந்துச்சுன்னு கேக்கலை."

"என்ன இருந்துச்சு?"

"பழைய பஸ் டிக்கெட்டு ரெண்டு. மூக்குத் துடைச்சுப் போட்ட காகிதம் ஒண்ணு. குப்பைத்தொட்டியில போட்டேன். தொட்டி உன் காலுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. அன்னிக்குக் கேட்டிருந்தா தொட்டியைக் கவுத்துக் காட்டியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "நம்பறியா?" என்றாள்.

"நீ நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்க வேண்டியது குத்தம் சொன்னவங்கதான்."

"ஏய், நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன்? மூணு வருஷம் பக்கத்துப் பக்கத்துல நின்னு வேலை செஞ்சோம். ஒரே டப்பாவுல சாப்பிட்டோம். சட்டம் பேசறவ எனக்கு வேண்டாம். நம்பறியா, இல்லையா?"

இஸ்திரியக்கா நீதிமன்ற அறையில் மூன்று நாள் உட்கார்ந்து கற்றது எதுவும் இங்கே உதவவில்லை. சந்தேகத்தின் பலன் என்பது அங்கே பெரிய விஷயம். இங்கே, இந்த ஈர மேசைக்கு முன்னால், அது அவமானம். நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவள் சொன்ன ஒரு பொய்யையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை.

"நம்பறேன்."

"ரொம்ப யோசிச்சே."

"யோசிச்சுத்தான் சொல்றேன். அன்னிக்கு யோசிக்காமச் சொன்னேன்."

நெட்டை சிரிக்கவில்லை. ஆனால் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் மற்றது வெளியே வந்தது. அவளும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. படிவத்தில் பத்து வருட வேலை விவரம் கேட்கிறார்கள். எல்லா முதலாளியிடமும் கடிதம் வேண்டும். சலவைக்கடைக்குப் போய் எந்த முகத்தோடு கேட்பாள்? அந்த மூன்று வருடத்தை மறைத்தால் பொய். எழுதினால் திருட்டுப்பட்டம். படிவம் அலமாரியில் கிடக்கிறது.

"நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள் நெட்டை. "என்கிட்ட சொன்னதை அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

மறுநாள் காலை, எல்லோரும் வேலையில் இருந்தபோது, இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவிட்டுப் போய்ச் சொன்னாள், நெட்டைக்கு ஒரு வேலைக் கடிதமும் கேட்டாள். முதலாளியம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஆறு வருஷம் முன்னாடி முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்குக் கிளறிட்டு இருக்கே? நான் போலீசுக்குக்கூடப் போகலை. அவ நல்லதுக்குத்தான் சத்தமில்லாம அனுப்பினேன்."

"போலீசுக்குப் போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்மா" என்றாள் இஸ்திரியக்கா. "யாராவது என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டிருப்பாங்க."

முதலாளியம்மா கெட்டவள் இல்லை, அவசரக்காரி, அவ்வளவுதான். மோதிரம் எங்கே போனது என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது. அந்த வாடிக்கைக்காரரும் அதன்பிறகு வரவில்லை. அவர் அதை வேறெங்காவது வைத்திருக்கலாம், கொண்டே வராமல்கூட இருந்திருக்கலாம். யார் கண்டது? அப்படியும் இருக்கலாமே என்று அன்று ஒருவர்கூட நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இரண்டு நாள் முதலாளியம்மா அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளை இஸ்திரி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நெட்டை மூன்று வருடம் வேலை செய்தார், நேரம் தவறாதவர் என்று இருந்தது. கடைசி வரி: 'அவர்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை.'

இஸ்திரியக்கா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். "அம்மா, இந்த வரி வேண்டாம்."

"உண்மைதானே? நீதானே அதைச் சொன்னே?"

"உண்மைதாம்மா. ஆனா படிக்கிறவங்களுக்கு, அப்ப என்னமோ நடந்திருக்குன்னுதானே தோணும்? எனக்கு உங்க கையால இப்படி ஒரு கடிதம் வந்தா சும்மா இருப்பேனா?"

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தாள். "பரீட்சைக்குத்தானே படிக்கிறே? இல்ல வக்கீலுக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வரியை எடுத்துவிட்டு வேறு தாள் அடித்தாள்.

எழுத்துத் தேர்வில் நாத்தனார் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. நேர்முகத்தில் அதிகாரி மழையைப் பற்றிக் கேட்கவில்லை. கழுத்துப்பட்டி மோசமாக இஸ்திரி போட்டிருந்த இளைஞர். அதைப் பார்க்காமலிருக்க இஸ்திரியக்கா பெரும்பாடு பட்டாள்.

"கோர்ட்டு எதுக்கு இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"பாத்தேன்னு சொல்றவங்களைத் திருப்பிக் கேக்கறதுக்குங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தண்டனை கொடுக்கறதுக்கு இல்லையா?"

"அதுவும்தான். ஆனா அது அப்புறம். கேக்காமத் தண்டனை கொடுக்கறதுக்குக் கோர்ட்டு எதுக்குங்க? அதை நாங்களே செஞ்சுருவோம்."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். அடுத்து, இந்த நாட்டின் மிக நீளமான ஆறு எது என்றார். இஸ்திரியக்காவின் மண்டைக்குள் வெள்ளைத் தாளாக இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நூறு தடவை சொன்ன பதில். ஆற்றைத் தவிர எல்லாம் நினைவுக்கு வந்தது. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். தேறிவிட்டாள் என்று கடிதம் வந்தபோது, ஆறு தெரியாமல் எப்படித் தேறினாள் என்று நாத்தனார் ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நெட்டையின் படிவம் போய்ச் சேர்ந்தது. பழையபடி அவர்கள் ஒரே டப்பாவில் சாப்பிடவில்லை. நெட்டை இப்போதும் சில நாள் நன்றாகப் பேசுவாள், சில நாள் டீயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். ஆறு வருடம் சும்மா போய்விடுமா என்று இஸ்திரியக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு நல்ல நாளில்தான் நெட்டையே கேட்டாள். "அந்தக் கோர்ட்டு, கோர்ட்டுங்கறியே, அங்க அப்படி என்னதான் இருக்கு? என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போயேன்."

விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் கூரை ஒழுகுவது பற்றி வழக்கு. ஒழுகுவது தெரியும்; எப்போதிருந்து என்பதில்தான் தகராறு. மேசைக்குப் பின்னால் இந்தத் தடவை வேறு மூன்று பேர். நெட்டை முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலாகச் சுலபமாகப் பார்த்தாள். வந்து உட்கார்ந்து கால்மணி நேரத்துக்குள் எட்டுக் கேள்வி கேட்டுவிட்டாள்.

"ஏய், அந்த ஓரத்துல இருக்கறவர் தூங்கறாரா?"

"யோசிக்கிறார்."

"கண்ணை மூடிட்டா?"

"சும்மா இரு, துரத்திருவாங்க."

"இப்ப அந்த வீட்டுக்காரர் சொன்னதை நீ நம்பறியா?"

"இரு, இன்னொருத்தரும் பேசட்டும்" என்றாள் இஸ்திரியக்கா. நெட்டை சரி என்று தலையாட்டிவிட்டு, நீண்ட காலை மடக்கிக்கொண்டு, குடியிருப்பவர் எழுந்திருப்பதை எட்டிப் பார்த்தாள்.